படத்துக்குள்ளே ஓர் இருட்டறை

பிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. பிலிம் மேல் வெளிச்சம் படவே கூடாது. எடுத்து முடித்த பிலிமைச் சுருள் கலையாமல் ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அங்கே இருட்டறையில் ஒருவர் அதை ரசாயனக் கரைசல்களில் முக்கி எடுத்து, கழுவி, காயவைத்து, தாளில் அச்சிட்டுத் தருவார். படம் கைக்கு வரச் சில நாட்கள் ஆகும். நடுவில் யாராவது தெரியாமல் கேமராவின் பின்கதவைத் திறந்துவிட்டால் போச்சு, எடுத்ததெல்லாம் பாழ்!

இந்த விதிக்கு அடங்காத கேமரா ஒன்று 1972-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. அதன் பெயர் போலராய்டு எஸ்எக்ஸ்-70. பொத்தானை அழுத்தியதும் 'விர்ர்' என்று ஒரு சத்தம். கேமராவின் முன்பக்கத்திலிருந்து ஒரு சதுரத் தாள் வெளியே எட்டிப் பார்க்கும். அதுவும் இருட்டில் அல்ல, பட்டப்பகல் வெயிலில். முதலில் அதில் படமே இருக்காது, வெறும் பச்சை கலந்த மங்கல் நிறம்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் முகம் தெரியும், பிறகு சட்டை, பிறகு பின்னால் நிற்கும் மரம். சில நிமிடங்களில் முழு வண்ணப் படம் தயார்.

வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்றால், வெயிலில் வந்து விழுந்த இந்தப் பிலிம் மட்டும் ஏன் கெடவில்லை? கழுவுகிற வேலையைச் செய்தது யார்? வாருங்கள், கண்டுபிடிப்போம்.

ஒரு சிறுமியின் கேள்வி

இந்தக் கேமராவின் பின்னால் இருந்தவர் எட்வின் லேண்ட். 1909-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆனால் பட்டம் வாங்கும்வரை அங்கே இருக்கவில்லை. அவருக்கு ஒளியின் மேல்தான் ஆசை. கண்ணைக் கூசவைக்கும் ஒளியை வடிகட்டும் மெல்லிய தகடு ஒன்றை இளம் வயதிலேயே உருவாக்கினார். அந்தத் தகட்டின் பெயர்தான் போலராய்டு. 1937-இல் அதே பெயரில் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். கூலிங் கிளாஸ்களில் அந்த வகைத் தகடு இன்றும் இருக்கிறது. உங்கள் கால்குலேட்டரின் திரையிலும் இருக்கிறது.

1943-ஆம் ஆண்டு லேண்ட் தம் குடும்பத்தோடு சான்டா ஃபே என்ற ஊருக்கு விடுமுறைக்குப் போயிருந்தார். மகள் ஜெனிஃபருக்கு அப்போது மூன்று வயது. அப்பா அவளைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு லேண்ட் நகர்ந்துவிடவில்லை. அந்த ஊரைச் சுற்றி நடந்துகொண்டே யோசித்தார். கேமரா எப்படி இருக்க வேண்டும், பிலிம் எப்படி இருக்க வேண்டும், ரசாயனம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் தம் மனத்தில் தெளிவாகிவிட்டதாகப் பின்னாளில் அவர் சொன்னார்.

யோசனைக்கு ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்துகாட்டத்தான் வருடங்கள் பிடித்தன. 1947 பிப்ரவரியில், நியூயார்க்கில் அறிவியலாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் லேண்ட் தம்மையே படம் எடுத்து, அங்கேயே தாளைப் பிரித்துக் காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. விலை கிட்டத்தட்ட 90 டாலர். ஒரு நிமிடத்தில் பழுப்பு நிறப் படம் தரும். 1963-இல் வண்ணப் படமும் வந்துவிட்டது.

ஆனால் இவற்றிலெல்லாம் ஒரு தொல்லை இருந்தது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து, சரியான நேரத்தில் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். பிசுபிசுப்பான தாள் ஒன்று குப்பையாக மிஞ்சும். பிரிக்கவும் கூடாது, குப்பையும் மிஞ்சக் கூடாது என்று லேண்ட் விரும்பினார். அந்த விருப்பத்தின் விடைதான் எஸ்எக்ஸ்-70.

பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது?

எஸ்எக்ஸ்-70 மடக்கி வைக்கக்கூடிய கேமரா. மடக்கினால் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். மேல்பகுதியைப் பிடித்து இழுத்தால் கூடாரம் மாதிரி எழுந்து நிற்கும்.

உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது, முகம் பார்க்கும் கண்ணாடி வகை. அது எதற்கு? இந்தப் பிலிமில் எந்தப் பக்கம் ஒளி விழுகிறதோ, அதே பக்கத்திலிருந்துதான் நாம் படத்தைப் பார்க்கிறோம். லென்ஸிலிருந்து ஒளி நேரே பிலிமில் விழுந்தால் படம் இடம் வலமாக மாறிவிடும். உங்கள் சட்டையில் எழுதியிருக்கும் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. ஒளியை வழியில் ஒருமுறை கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்தால் அந்த மாற்றம் சரியாகிவிடும். போலராய்டு கேமராக்கள் சாய்ந்த முதுகோடு விநோதமாக இருப்பதற்கு உள்ளே சாய்ந்திருக்கும் இந்தக் கண்ணாடியும் ஒரு காரணம்.

பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும். ஷட்டர் திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒளியை அளக்கும் ஒரு மின்கண் முடிவு செய்யும். பிறகு மோட்டார் சுழன்று, பிலிமை இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே தள்ளும். இத்தனையும் சுமார் ஒன்றரை நொடியில் முடிந்துவிடும்.

மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கேமராவில் பேட்டரியே கிடையாது! பிலிம் பெட்டியின் அடியில் தட்டையான பேட்டரி ஒன்று ஒளிந்திருக்கிறது. புதுப் பிலிம் போடும்போதெல்லாம் புது பேட்டரியும் சேர்ந்து வந்துவிடும்.

போலராய்டு படத்தை எப்போதாவது பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சுற்றிலும் வெள்ளை ஓரம் இருக்கும். மூன்று பக்கம் ஒல்லியாகவும், கீழ்ப்பக்கம் மட்டும் அகலமாகவும் இருக்கும். பெயரும் தேதியும் எழுதுவதற்காக விட்ட இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதற்குள்தான் ரகசியம் இருக்கிறது. அங்கே சின்னஞ்சிறு பொட்டலம் ஒன்றில் கூழ் போன்ற ரசாயனக் கலவையை அடைத்து வைத்திருக்கிறார்கள். உருளைகள் அழுத்தும்போது பொட்டலம் உடைகிறது. கலவை பிலிமின் அடுக்குகளுக்கு நடுவே, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஸ்டூடியோ இருட்டறையின் கரைசல் முழுவதும் அந்தப் பொட்டலத்துக்குள் வந்துவிட்டது!

மூன்று சாயங்கள் செய்யும் வேலை

பிலிமுக்குள் பல அடுக்குகள் உண்டு. அவற்றில் மூன்று அடுக்குகளில் ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்புகள் இருக்கின்றன. ஓர் அடுக்கு நீல ஒளியை மட்டும் உணரும். இன்னொன்று பச்சை ஒளியை உணரும். மூன்றாவது சிவப்பு ஒளியை உணரும். ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே ஒரு சாயம் காத்திருக்கிறது. நீலத்தின் கீழே மஞ்சள், பச்சையின் கீழே மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு, சிவப்பின் கீழே சியான் என்கிற பச்சைநீலம்.

பொட்டலத்தில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த வலுவான காரம். அது பட்டதும் சாயங்கள் கரைந்து மேல்நோக்கிப் பயணப்படும். ஆனால் எல்லாச் சாயமும் மேலே போய்விட முடியாது. ஒளி பட்ட இடத்தில் இருக்கும் வெள்ளி உப்பு, தன் சாயத்தைப் பிடித்து அங்கேயே நிறுத்திவிடும். ஒளி படாத இடத்தில் சாயம் தப்பித்து மேலே போகும். மேலே போய்ச் சேர்ந்த சாயங்கள்தான் நாம் பார்க்கும் படம்.

ஒரு செம்பருத்திப் பூவைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பூவிலிருந்து வருவது சிவப்பு ஒளி. அது சிவப்பை உணரும் அடுக்கைத் தொடுகிறது. அங்கே சியான் பிடிபடுகிறது. மஞ்சளும் மெஜந்தாவும் தப்பித்து மேலே போகின்றன. இரண்டும் சேர்ந்தால் என்ன நிறம்? சிவப்பு!

வெள்ளைச் சட்டையிலிருந்து மூன்று நிற ஒளியும் வரும். ஆகவே மூன்று சாயமும் பிடிபடும், அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். கறுப்புத் தலைமுடியிலிருந்து ஒளி அவ்வளவாக வராது. மூன்று சாயமும் தப்பித்து மேலே சேர்ந்து கறுப்பாகத் தெரியும். பச்சை இலைக்கு எந்தச் சாயம் பிடிபடும், எவை தப்பிக்கும்? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

வெயிலைத் தடுத்தது யார்?

இப்போது நம் புதிருக்கு வருவோம். சாயங்கள் பயணம் முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். படமோ ஒன்றரை நொடியில் வெயிலுக்கு வந்துவிட்டது. அந்தச் சில நிமிடங்களும் வெள்ளி உப்புகளை வெளிச்சம் தொடக் கூடாது. பின்பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடிவிடலாம். ஆனால் முன்பக்கத்தை மூடினால் படத்தைப் பார்ப்பது எப்படி?

மூட வேண்டும், ஆனால் தானாகவே திறந்துகொள்ளவும் வேண்டும். அப்படி ஒரு திரை எங்கே கிடைக்கும்?

பதில் நம் வீட்டு ஆரத்தித் தட்டில் இருக்கிறது. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் குங்குமச் சிவப்பாகிறது அல்லவா? சுண்ணாம்பு ஒரு காரம். மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள், காரத்தில் சிவப்பாகவும் அமிலத்தில் மஞ்சளாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட பொருள்களுக்கு நிறங்காட்டி என்று பெயர். பள்ளி ஆய்வகத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். காரத்தில் இளஞ்சிவப்பாகும், அமிலத்தில் நிறமே இல்லாமல் போய்விடும்.

லேண்டின் குழுவினர் பினாப்தலீனின் உறவுக்காரச் சாயங்களைப் பொட்டலத்தில் சேர்த்தார்கள். காரம் வலுவாக இருக்கும்வரை இவை அடர்த்தியான நிறத்தோடு, ஒளியை விழுங்கிக்கொண்டு நிற்கும். கூடவே டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியும் உண்டு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் அதுதான். இரண்டும் சேர்ந்து வெயிலை உள்ளே விடாமல் தடுத்துவிடும். படம் வெளியே வந்ததும் பச்சை கலந்த மங்கல் நிறத்தில் தெரிகிறது என்றேனே, அது இந்தத் திரைதான்.

திரை தானாக எப்படி விலகுகிறது? பிலிமுக்குள் ஓர் அமில அடுக்கும் இருக்கிறது. அதற்கு முன்னால் காரத்தை மெதுமெதுவாக மட்டுமே உள்ளே விடும் இன்னொரு அடுக்கு இருக்கிறது. அதுதான் இந்தப் பிலிமின் கடிகாரம். சாயங்கள் தங்கள் பயணத்தை முடிக்கும் நேரத்தில் காரம் அமில அடுக்கைப் போய்ச் சேரும். அமிலம் அதன் வலுவை முறித்துவிடும். காரம் அடங்கியதும் நிறங்காட்டிகள் நிறம் இழக்கும், திரை மறைந்துவிடும். அடியில் வெள்ளைப் பொடி படத்துக்குப் பின்புலமாக நிற்கும். மேலே வந்த சாயங்கள் இனி நகராமல் நிலைத்துவிடும்.

ஆக, இருட்டறை எங்கேயும் போய்விடவில்லை. ஒரு தாளுக்குள் சில நிமிடங்கள் உருவாகி, வேலை முடிந்ததும் தானே கலைந்துபோகிறது.

வௌவாலின் வழியில்

எஸ்எக்ஸ்-70 வரிசையில் 1978-இல் வந்த ஒரு கேமராவின் நெற்றியில் பொன்னிற வட்டு ஒன்று இருக்கும். அது ஒளியைப் பார்ப்பதில்லை, ஒலியை அனுப்புகிறது. நொடிக்கு 50,000 முதல் 60,000 வரை அதிர்வுள்ள ஒலி. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஆகவே நமக்கு அந்த ஒலி கேட்காது. ஒலி எதிரே நிற்பவர்மேல் பட்டு எதிரொலியாகத் திரும்பும். வௌவாலைப் போலவே, திரும்பி வர ஆன நேரத்தைக் கொண்டு கேமரா தூரத்தைக் கணக்கிட்டு, படம் தெளிவாக விழும்படி லென்ஸைத் தானே நகர்த்திக்கொள்ளும்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நீங்கள் 3.4 மீட்டர் தூரத்தில் நின்றால், போய்வர 6.8 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேருந்தின் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே இருக்கும் மலையைப் படம் எடுத்தால், மலை மங்கலாகத்தான் விழும். ஒளி கண்ணாடியைக் கடந்து போய்விடும். ஒலியோ கண்ணாடியில் பட்டே திரும்பிவிடும். கேமராவின் கணக்கில் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது!

நின்றுபோன பிலிம், திரும்பி வந்த பிலிம்

டிஜிட்டல் கேமராக்கள் வந்ததும் போலராய்டின் தேவை குறைந்தது. 2008-இல் அந்த நிறுவனம் பிலிம் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பிலிம் இல்லாவிட்டால், உலகெங்கும் வீடுகளில் இருந்த நல்ல கேமராக்களெல்லாம் வெறும் காட்சிப் பொருள்களாகிவிடும்.

அப்போது நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் போலராய்டின் ஒரு தொழிற்சாலை மூடப்பட இருந்தது. அங்கே வேலை பார்த்த சிலரும் வெளியிலிருந்து வந்த சில ஆர்வலர்களும் சேர்ந்து இயந்திரங்களை வாங்கிக் காப்பாற்றினார்கள். தங்கள் முயற்சிக்கு 'முடியாத திட்டம்' என்ற பொருளில் 'இம்பாசிபிள் புராஜெக்ட்' என்று பெயரும் வைத்தார்கள்.

இயந்திரம் கிடைத்துவிட்டது, ஆனால் பழைய ரசாயனங்கள் பல சந்தையிலேயே இல்லை. புதிதாகக் கலவைகளைத் தேட வேண்டியிருந்தது. 2010-இல் முதல் பிலிம் வெளிவந்தது. அதில் ஒரு குறை இருந்தது. நாம் மேலே பார்த்தோமே, வெயிலைத் தடுக்கும் திரை, அது போதிய வலுவோடு அமையவில்லை. படம் எட்டிப் பார்த்ததுமே அதைக் கையால் மறைத்து, பெட்டிக்குள்ளோ சட்டைப்பைக்குள்ளோ போட வேண்டியிருந்தது. ஒரு நிறங்காட்டி சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கலவையைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். அதே குழு இன்று போலராய்டு என்ற பழைய பெயரிலேயே பிலிம் தயாரிக்கிறது.

பழைய கேமரா கையில் கிடைத்தால்

உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் பெட்டியிலோ இப்படி ஒரு கேமரா இருந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டாம். பெரியவர்கள் துணையோடு பயன்படுத்திப் பாருங்கள். சில விதிகளையும் அவற்றின் காரணங்களையும் தெரிந்துகொள்வோம்.

1. பிலிமின் வகையைப் பாருங்கள். 'எஸ்எக்ஸ்-70' பிலிமைவிட '600' பிலிம் ஒளியை நான்கு மடங்கு அதிகமாக உணரும். மாற்றிப் போட்டால் படம் வெளுத்துப்போகும், அல்லது இருண்டுபோகும்.

2. உருளைகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முந்தைய படத்தின் கலவை காய்ந்து ஒட்டியிருந்தால், புதுக் கலவை சீராகப் பரவாது. ஒவ்வொரு படத்திலும் புள்ளிபுள்ளியாகக் கறை விழும்.

3. நிறைய வெளிச்சத்தில் எடுங்கள். கைப்பேசி சமாளிக்கும் மங்கல் வெளிச்சத்தை இது சமாளிக்காது.

4. வெப்பத்தைக் கவனியுங்கள். 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இந்தப் பிலிமுக்கு ஏற்றது. அதற்கு மேல் போனால் ரசாயன வேலை வேகமாகி, படத்தில் மஞ்சளோ சிவப்போ ஏறும். குளிரில் வேலை மந்தமாகி, நீலம் படிந்து வெளிறிப்போகும். நம் ஊர்க் கோடையில் காலை நேரமே நல்லது. பிரிக்காத பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் உறைபனிப் பகுதியில் வைக்கக் கூடாது. உறைந்தால் பொட்டலத்தின் கலவை கெட்டுவிடும்.

5. படத்தை உதறாதீர்கள்! பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். தாளைப் பிரிக்கும் பழைய வகைப் படம் ஈரமாக வரும், அதைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை. எஸ்எக்ஸ்-70 வகைப் படத்தில் எல்லாமே உறைக்குள் மூடியிருக்கிறது, காயவைக்க எதுவுமில்லை. உதறினால் அடுக்குகள் விலகிப் படம் கெடத்தான் வாய்ப்பு. கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். இன்றைய வண்ணப் பிலிமுக்குக் கால் மணி நேரம் வரை ஆகும்.

6. படத்தை வெட்டிப் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் காரம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும்.

ஒரு பெட்டியில் 8 படங்கள்தான். ஒரு படத்துக்கே 200 ரூபாய்க்கு மேல் செலவாகும். நெகட்டிவும் கிடையாது, அழித்து எடுக்கவும் முடியாது. அதனால், பொத்தானை அழுத்தும் முன் யோசிக்க இந்தக் கேமரா நன்றாகவே கற்றுக்கொடுக்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்

கேமரா இல்லாதவர்களும் அந்தத் திரையின் அறிவியலைப் பார்க்கலாம். மஞ்சள்தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலரவிடுங்கள். சலவை சோப்பைக் கரைத்த நீரைத் தொட்டு அதில் தடவுங்கள். தாள் சிவக்கும். அதன்மேல் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்து, நடுவில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சாறு ஊறிக் கீழே இறங்கியதும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும்.

அடுத்து, செய்தித்தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து வைத்துச் செய்யுங்கள். நிறம் மாறும் நேரம் எப்படிக் கூடுகிறது என்று நொடிக் கணக்கில் எழுதி அட்டவணை போடுங்கள். பிலிமில் காரத்தைத் தாமதப்படுத்தும் அடுக்கு செய்யும் வேலையை உங்கள் செய்தித்தாள் செய்கிறது. எந்தத் தாள் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது? சொட்டுகளை இரட்டித்தால் என்ன ஆகிறது? முதலில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள், பிறகு செய்து பாருங்கள், கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.